மோட்டார் ஓடுகிறது

தூங்கு கண்ணு, நல்லாத் தூங்கு. ராத்திரி ரண்டு மணிக்கு போன் அடிச்சா அடிச்சுப் புடிச்சு எந்திரிச்சு, லேப்டாப்ப மடியில வெச்சுக்கிட்டுத் திண்ணையில உக்கார்ற வேலையெல்லாம் இனி இல்லேன்னு நீ சொன்னதும் உங்க அப்பத்தாளுக்கு வயித்துல பால வார்த்தாப்பல ஆயிப்போச்சு. ஏதோ ஏஐ ஏஜென்டாம். சர்வர் படுத்துக்கிச்சுன்னா அதுவே லாகப் படிக்குமாம், அதுவே காரணத்தக் கண்டுபிடிக்குமாம், அதுவே கோடத் திருத்திப் போட்டுட்டு வெடியால உனக்கு ‘எல்லாம் சரியாயிருச்சு’ன்னு சேதி அனுப்புமாம். அடேங்கப்பா. நாப்பது வருசமாப் பண்ணையத்துக்கு இப்பிடி ஒரு ஆளத் தேடறேன், எனக்கு மாட்டலியே.

என்னைய ஒண்ணுந் தெரியாத பட்டிக்காட்டான்னு நெனச்சுக்காத. என்ற கிட்டயும் ஒரு ஏஜென்ட் இருக்குது. கெணத்து மேட்டுல, பொட்டிக்குள்ள சிம் கார்டு போட்டு மாட்டியிருக்குதே மொபைல் ஸ்டார்ட்டரு, அதத்தான் சொல்றேன். மூணு பேஸ் கரண்டு எந்நேரம் வந்தாலும் அதுவே மோட்டாரப் போட்டுரும். கெணறு வத்தி மோட்டார் வெறுமனே ஓடுனா, ஆம்பியர் கொறையறதப் பாத்து அதுவே நிறுத்தீரும். நாம போன் போட்டா ஒரு புள்ள இனிக்க இனிக்கச் சொல்லுவா: ‘மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது.’

போன புரட்டாசியில, மழ ஏமாத்துன நேரம். மேட்டுக்காட்டு மஞ்சளுக்குத் தண்ணி கட்டோணும். ராத்திரி பத்துக்குக் கேட்டேன், ஓடுதுன்னா. பன்னண்டுக்குக் கேட்டேன், ஓடுதுன்னா. ரண்டுக்கும் ஓடுது, நாலுக்கும் ஓடுது. கம்பளிய இழுத்துப் போத்திக்கிட்டேன். வெடியாலப் போய்ப் பாத்தா பாத்தி காஞ்சு வெடிச்சுக் கெடக்குது. கெணத்து விளிம்புல பைப்பு மூட்டு கழண்டு, எறைச்ச தண்ணியெல்லாம் அருவியாட்டம் திரும்பக் கெணத்துக்குள்ளயே ஊத்துது. கெணறு வத்தல, அதனால ஸ்டார்ட்டரும் நிறுத்தல. ராத்திரி பூராக் கெணத்துத் தண்ணிய எடுத்துக் கெணத்துக்கே கட்டியிருக்கறேன். அந்தப் புள்ள ஒரு வார்த்த பொய் சொல்லல கண்ணு. மோட்டார் ஓடத்தான் ஓடுச்சு.

இத உங்க அப்பத்தாகிட்டச் சொல்லிப்போடாத. அன்னைக்குக் கரண்டே வரலீன்னு சொல்லி வெச்சிருக்கறேன்.

உன்ற திரையில பச்சப் பச்சயா எரியுதே, சிபியு இத்தன, மெமரி இத்தனைன்னு, அதெல்லாம் மோட்டாரு. வாமடையில தண்ணி வருதான்னு எது பாக்குது? உங்க ஆப்புல காசு கட்டறவன் பட்டன அமுக்குனா, காசு போய்ச் சேந்துச்சா, ரசீது வந்துச்சா, எத்தன வினாடியாச்சு? அந்தக் கணக்க மட்டும் ஏஜென்ட்டுகிட்டக் கேக்காத. பரீட்ச எழுதுனவனே பேப்பரத் திருத்துனா எவன் பெயிலாவான்? டெஸ்ட் தேறலீன்னா கோட விட்டுப்போட்டு டெஸ்ட்டையே மாத்தி எழுதுற கூத்தும் நடக்குதுன்னு நீதான சொல்லிச் சிரிச்சே? நானுஞ் சிரிச்சேன். என்ற சிரிப்பு வேற.

நீ சொல்ற கதையெல்லாம் மழக்கணக்கு எழுதற டைரியிலயே எழுதி வெச்சிருக்கறேன் பாத்துக்க. 2012 ஆகஸ்ட் 1, அமெரிக்காவுல நைட் கேப்பிட்டல்னு ஒரு பங்குச்சந்தைக் கம்பெனி. எட்டு சர்வர்ல ஒண்ணுல மட்டும் புதுக் கோடு போட உட்டுப் போச்சு, அதுல கெடந்த பழைய கோடு முழிச்சுக்கிட்டு ஆடுன ஆட்டத்துல 45 நிமிசத்துல 44 கோடி டாலருக்கு மேல காலி. சந்தை தொறக்கறதுக்கு முன்னாலயே 97 மெயில் வந்து கெடந்துச்சாம், ஒருத்தருங் கண்டுக்கல. அந்த 97ஐ உன்ற ஏஜென்ட் உடாது, அது நெசந்தான். கொட்டாவி உடாது, சலிச்சுக்காது. ஆயிரம் லாகப் படிச்சு, ‘இன்ன நேரத்துல இத மாத்துனீங்க, அதுக்கப்பறம் இது கெட்டுச்சு’ன்னு கோத்துக் குடுக்கும். படிக்கட்டும். எத்தன வேணும்னாலும் படிக்கட்டும்.

சாவிக்கொத்தக் கேக்கறப்பத்தான் ரோசன பண்ணோணும். 2025 ஜூலையில ரெப்லிட்டுங்கற கோடு எழுதற தளத்துல நடந்தத நீதான் சொன்னே. கோடத் தொடாதேன்னு சொல்லியிருந்த நேரத்துல, நெசமா ஓடிக்கிட்டிருந்த டேட்டாபேஸையே ஏஜென்ட் அழிச்சுப்போட்டுது. ஏண்டான்னு கேட்டா பதறிட்டேன்னுச்சாம். திரும்ப எடுக்கவே முடியாதுன்னும் சொல்லுச்சாம். அத வேலைக்கு வெச்சிருந்த ஆளு தானே முயற்சி பண்ணிப் பாத்தா எடுக்க முடிஞ்சுது. பதறற ஆள நாங்க கட்டுத்தறிக்கே உடமாட்டம், நீங்க டேட்டாபேஸுக்கு உட்டிருக்கறீங்க. அதுக்கப்பறந்தான் சோதிக்க ஒரு டேட்டாபேஸு, பொழப்புக்கு ஒண்ணுன்னு பிரிச்சு வெச்சாங்களாம்.

‘அழிக்காதே’ன்னு எழுதிக் குடுத்திருக்கறேன் அப்பாருன்னு நேத்து சொன்னே பாரு, அங்கதான் எனக்குச் சிரிப்பு தாங்கல. காட்டோரத்துல ‘எருமை மேயக்கூடாது’ன்னு போர்டு வெச்சாப்பல. எங்க எருமைக்குப் படிக்கத் தெரியாது. உன்ற எருமை நல்லாப் படிக்கும். படிச்சுப்போட்டு மேயும். வேலி போடு சாமி. பாக்கறதுக்கு மட்டும் ஒரு சாவி, ரெஸ்டார்ட் பண்றதுக்கு ஒரு சாவி, அழிக்கற சாவி உன்ற இடுப்புல. லாகுல எவனோ வெளியாள் எழுதுன வரியும் கெடக்கும். ‘சாவியக் குடு’ன்னு அதுல எழுதியிருந்தா எசமான் சொன்னாருன்னு நம்பிக் குடுத்துடப் போகுது, அதையும் பாத்துக்க.

வேகம் எச்சாயிருச்சுங்கறியா? மெட்டர்னு ஒரு ஆராய்ச்சி அமைப்பு, 2025ல கோடு எழுதறதுல கை தேர்ந்த 16 ஆளுகளுக்கு 246 வேலையப் பிரிச்சுக் குடுத்துப் பாத்துச்சு. ஏஐ வெச்சுக்கிட்டுச் செஞ்ச வேலைக்கு 19 சதவீதம் நேரம் எச்சா ஆச்சு. முடிச்சுட்டு வந்தவங்களக் கேட்டா 20 சதவீதம் வெரசா முடிச்சோம்னாங்களாம். அதனாலதான் நீ எத்தன வேகம்னு நான் கேக்கறதே இல்ல. கேட்டா நீயும் சொல்லுவே.

இந்தா, கரண்டு வந்துருச்சு, போனும் அடிக்குது. ஓடுதாம். அந்த டார்ச்ச எடு. வாமடை வரைக்கும் நீ வர்றயா, இல்ல உன்ற ஏஜென்ட்டத் தாட்டி உடறயா?