கணக்குக்கு இணையம் கைகொடுக்குமா?

கேள்வி: க.பொ.த. சாதாரண தரக் கணிதத்தில் கோட்டை விட்டவர் இணையத்தில் படித்துத் தேற முடியுமா?
– ஒரு வாசகர், பாலையூற்று

பதில்: முடியும். பின்னத்தில் தடுக்கியவர் அட்சரகணிதத்திலும் விழுவார். அவர் எழும்பும்வரை வகுப்பு காத்திருக்காது. காணொளியோ பத்துத் தடவை திருப்பிப் போட்டாலும் முகம் சுளிக்காது. இலவச இணையக் கல்வித் தளமான கான் அகாடமியே 2004இல் அதன் நிறுவுநர் சல்மான் கான் தொலைவிலிருந்த உறவுச் சிறுமிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததில் முளைத்ததுதான். நம் கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்திலும் தமிழில் இலவசப் பாடங்கள் உண்டு. ‘சந்தேகம் கேட்க ஆளில்லையே’ என்பீர்கள். நியாயம்தான், ஆனால் நிரம்பி வழியும் ரியூசன் வகுப்பில் மட்டும் எத்தனை கைகள் உயர்கின்றன? உண்மையான ஆபத்து வேறு: பார்த்ததையே படித்ததாக நினைப்பது. கரையிலிருந்து கடலைப் பார்த்து நீச்சல் பழகியவர் திருகோணமலையில் எவருமில்லை. பரீட்சை மண்டபத்தில் கைபேசிக்கு இடமில்லை. ஆகவே காணொளியை நிறுத்திவிட்டுக் கொப்பியைத் திறவுங்கள்.