லேத்து போடு அப்புனு

லேத்து போடு அப்புனு, தாராளமாப் போடு. மாட்டை வித்த பொறவு கட்டுத்தரை சும்மாதான கெடக்குது. கம்பெனி விட்டு வந்து ராத்திரி ரெண்டு மணி நேரம் பார்ட்ஸ் கடைஞ்சா இன்னொரு சம்பளம் வந்துருமுன்னு உன்ற பொண்டாட்டி ஊரெல்லாஞ் சொல்லியாச்சு. இனி நீயே வேண்டாம்னாலும் அவ உடமாட்டா.

வாங்கப் போறப்ப மட்டும் என்னையக் கூட்டிட்டுப் போ. ராஜ்கோட்டுலருந்து புதுசா வர்றது உன்ற கைக்கு எட்டாது. கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் பட்டறைய மூடறவன் விக்கறதத்தான் நீ வாங்குவே. பச்சைப் பெயின்டு மினுமினுன்னு இருக்கும், மயங்கீராத. பெட்டைப் பாரு. எல்லா வேலையும் சக்குக்குப் பக்கத்துலயே நடக்கறதால அங்கதான் தேஞ்சிருக்கும். கேரேஜை அங்க நிறுத்தி ஆட்டமில்லாம டைட்டு வெச்சுட்டு, டெயில்ஸ்டாக் பக்கமா ஓட்டிப் பாரு. போகப் போக இறுகுச்சுன்னா பெட்டு தேஞ்சுபோச்சு. விக்கறவன் “எண்ணெ உட்டா சரியாப் போயிருமுங்”கும்பான். நீயும் “ஆமாங்”ன்னு சிரிச்சுட்டு வெலையில அடி.

மொதக் கிராக்கி யாருன்னு இப்பவே சொல்லீர்றேன். பாட்டன் காலத்து பம்ப்செட்டை இன்னும் ஓட்டிட்டிருக்கற தோட்டத்துக்காரன். மரை போன போல்ட்டு ஒண்ணக் கொண்டாந்து, இதே மாதிரி ஒண்ணு வேணும்பான். நீ ஐ.டி.ஐ. படிச்ச மேதாவி, 60 டிகிரி டூலை மாட்டி மெட்ரிக் மரை வெட்டிருவே. அந்தக் காலத்துச் சாமானெல்லாம் விட்வொர்த்து மரை கண்ணு. 55 டிகிரி, அரை இஞ்சு போல்ட்டுன்னா இஞ்சுக்கு 12 மரை. நீ வெட்டுனதுல அவன் நட்டு ரெண்டு சுத்து அழகாப் போகும். அப்புறம் மாமனார் ஊட்டுக்கு வந்த மாப்பிள்ளையாட்டம் உக்காந்துக்கும், அக்கட்டயும் போகாது இக்கட்டயும் வராது.

கன்மெட்டல் புஷ்ஷும் அப்படித்தான். உள்ளளவை மைக்ரோமீட்டர் வெச்சுச் சுத்தமாக் கடைஞ்சு பம்புல அடிச்சு எறக்கினா, தொளை சுருங்கிக்கும். ஷாஃப்ட்டு நொழையாது. சித்த கம்மியாத் தொளைச்சு, எறக்கின பொறவு ரீமர் போட்டு அளவுக்குக் கொண்டாரோணும். இதெல்லாம் கெழவனுக்கு எப்படித் தெரியும்ங்கறியா? பட்டறைத் திண்ணையில குத்தவெச்சு “ஆச்சா, ஆச்சா”ன்னு கேட்டே காலத்த ஓட்டினவன் நானு.

அதனாலதான் வெலை விசயத்துல உன்னைய நெனச்சாப் பாவமா இருக்குது. ராடுக்கு இவ்வளவு, டிப்புக்கு இவ்வளவு, கரண்டுக்கு இவ்வளவுன்னு கூட்டி, மேல பத்து ரூவா வெச்சுக் கேப்பே. வந்தவன் பார்ட்டைக் கையில வெச்சு எடை பாத்து, “இத்தினியூண்டு இரும்புக்கா?”ம்பான். அவன் பயிரு வாடறதுக்கு எடை போட மாட்டான். வெடியறதுக்கு முன்ன வாசல்ல நிக்கறப்ப “எவ்வளவு ஆனாலும் பரவால்லீங்”. வாய்க்கால்ல தண்ணி ஓட ஆரம்பிச்சுட்டா “நாமெல்லாம் ஒறம்பரைதானுங்”. துண்டைச் சக்குல மாட்டறதுக்கு முன்னயே வெலையப் பேசீரோணும். மாட்டின பொறவு நீ வேலைக்காரன், அவன் ஒறம்பரை.

காசு பாக்கோணும்னா ஒத்தை உருப்படிக்கு நாக்கத் தொங்கப் போடாத. ஒண்ணுக்கும் அம்பதுக்கும் செட்டிங் ஒரே செட்டிங்தான். சோமனூர் பக்கம் தறிக்குடோன்ல போயிப் பாரு, ஒரே மாதிரித் தறியா இருக்கும், ஒரே சாமானாத் தேயும். அதுல ஒண்ணைப் பொறுக்கி அம்பது கடைஞ்சு டப்பாவுல போட்டு வெய்யி. தறி நின்னா அவனுக்குக் கூலி போச்சு, பேரம் பேச நேரமிருக்காது. கூலி உயர்வு கேட்டுத் தறியவே நிறுத்தீட்டாங்கன்னா உன்ற டப்பாவும் சேந்து தூங்கும், அது வேற.

ஊட்டுக்குக் கொஞ்சம் யூனிட் இலவசந்தான, அதுலயே லேத்த ஓட்டுன்னு உன்ற மாமன் ரோசனை சொல்லுவான். ஸ்குவாடு வர்றன்னிக்கு அவன் ஊர்ல இருக்க மாட்டான். குறுந்தொழிலுக்குத் தனி கனெக்சன் வாங்கிக்க. உத்யம் பதிவு நயா பைசா இல்லாம ஆகும். அதுக்குக் காசு கேக்கற இன்டர்நெட்டு சென்டர்காரனையும் தொழிலதிபராகோணும்னு வாழ்த்திட்டு வா.

வேட்டியோட சக்குகிட்ட நிக்காத. சக்குச் சாவிய அதுலயே உட்டுட்டு மோட்டாரைப் போட்டீன்னா கூரைய ஓட்டை பண்ணிரும்; உன்ற மண்டைய உட்டு வெச்சா அது கொலசாமி புண்ணியம்.

கடன் நோட்டு ஒண்ணு வாங்கிக்க. என் மோட்டாரு புஷ்ஷு நாளைக்கு வருது, அதையும் எழுதிக்க. பொடி எழுத்தாவே எழுது, எனக்கு இப்பக் கண்ணு சரியாத் தெரியறதில்ல.