செட்டியார் சுற்றிய ஒரு லட்சம் மைல்

சென்னையிலிருந்து ரயிலில் பம்பாய் போகிறவர்கள் திருவள்ளூரைத் தாண்டியாக வேண்டும். காந்தியைப் பார்க்க வார்தா போகிறவர்கள் கும்மிடிப்பூண்டியைத் தாண்டியாக வேண்டும். இரண்டு ஊரையும் ஏறிட்டும் பார்க்காமல் கடந்துபோன பெரிய மனிதர்கள் ஏராளம். காந்தியைப் படமெடுத்த கோட்டையூர் ஏ.கே. செட்டியாரையும் அந்தக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். கோபமில்லை. அப்போது கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை இல்லை, புகைக்கூண்டு இல்லை. இறங்கியிருந்தாலும் கேமராவுக்கு வயல்தான் கிடைத்திருக்கும்.

1937 அக்டோபர் 2. நியூயார்க்கிலிருந்து டப்ளின் போகும் கப்பல். நடுக்கடலில் பலருக்கு வாந்தி வரும். செட்டியாருக்கு யோசனை வந்தது. இன்று காந்தி பிறந்தநாள் ஆயிற்றே, அவரைப் பற்றி ஒரு டாக்குமெண்டரி எடுத்தால் என்ன? டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தவர், வயது முப்பதுகூட ஆகவில்லை. வீட்டில் சொல்லியிருந்தால், 'முதலில் ஒரு தொழிலைப் பார்' என்றிருப்பார்கள். நல்லவேளை, கப்பலில் வீட்டார் யாரும் இல்லை.

கதாநாயகரோ சினிமாவுக்கு ஜென்ம விரோதி. 1927இல் நம்மூர் ரங்காச்சாரியார் தலைமையில் அரசாங்கம் அமைத்த சினிமா விசாரணைக் குழு கருத்துக் கேட்டபோது, தாம் சினிமாவே பார்த்ததில்லை என்று எழுதி அனுப்பியவர். 1931இல் லண்டனில் சார்லி சாப்ளின் பார்க்க வந்தபோது, 'யார் அவர்?' என்று விசாரித்தவர். இப்பேர்ப்பட்டவரிடம் போய் கால்ஷீட் கேட்க முடியுமா?

செட்டியார் வேறு வழி பார்த்தார். முப்பது ஆண்டுகளில் சுமார் நூறு கேமராமேன்கள் ஆளுக்கொரு மூலையில் காந்தியை எடுத்துவைத்திருந்தார்கள். அதையெல்லாம் தேடி, ஐரோப்பா, அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா என்று ஒரு லட்சம் மைல் சுற்றினார். பூமியை நாலு தடவை வலம் வரும் தூரம்! பிள்ளையார் அம்மையப்பனை ஒரே சுற்றுச் சுற்றிப் பழம் வாங்கிய நாட்டில் இப்படியும் ஒருவர்.

தேறியது ஐம்பதாயிரம் அடி பிலிம். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் ஒரு முனையைக் கட்டித் தண்டவாளத்தோடு விரித்துக்கொண்டே போனால் கவரைப்பேட்டை, பொன்னேரி எல்லாம் தாண்டிவிடும். அந்தக் காலத்துப் பிலிம் பெரும்பாலும் நைட்ரேட். பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றினாலும் அடங்காது. இன்றைக்கு அதைத் தூக்கிக்கொண்டு சிப்காட் பக்கம் வந்தால் சேஃப்டி ஆபீசர் கேட்டிலேயே மடக்கி, நாலு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்.

அதை வெட்டிப் பன்னிரண்டாயிரம் அடியாக்கி, 1940 ஆகஸ்ட் 23 அன்று சென்னை ராக்ஸியில் வெளியிட்டார். உலகப் போர் நடக்கிறது, ஆள்வது வெள்ளைக்காரன், திரையில் காந்தி. நேரம் பார்த்துத்தான் ரிலீஸ் செய்திருக்கிறார் மனுஷன்!

1953இல் அந்தத் தமிழ்ப் படம் ஹாலிவுட்டில் ஆங்கிலம் பேசியது. அந்தப் பிரதியையும் பல்லாண்டு கழித்து, வரலாற்றாய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி சான்பிரான்சிஸ்கோவின் பல்கலைக்கழகம் ஒன்றில்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. உலகமெல்லாம் சிதறிக் கிடந்ததை ஒருவர் தேடிச் சேர்த்தார். சேர்த்ததை நாம் பத்திரமாகத் தொலைத்தோம். தமிழ் மூலப் பிரதி போன இடம் தெரியவில்லை. உங்கள் வீட்டுப் பரணில் துருப்பிடித்த பிலிம் டப்பா ஏதாவது கிடந்தால் தயவுசெய்து பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். பக்கத்தில் நின்று பீடியும் பற்றவைக்காதீர்கள்.