கல்யாணத்தை நிறுத்தியவர் மலையில் ஒரு ராத்திரி

பட்டு நெய்யும் ஆரணிக்காரர்களுக்கு ஆடியும் மார்கழியும் ஆகாது. பக்தி குறைவென்று நினைக்க வேண்டாம். முகூர்த்தம் இல்லாத மாதத்தில் முகூர்த்தப் பட்டை யார் வாங்குவார்கள்? அப்படி ஓர் ஆடியில்தான், போளூர் சாலையில் வடமாதிமங்கலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் திருமலைக்குப் போய் ராத்தங்கக் கிளம்பினோம். மலை மிகப் பழைய சமணத் தலம். அடிவாரத்து அரிகந்தகிரி மடம் மட்டும் 1998இல் வந்தது. யாத்ரிகர் தங்க அறை உண்டு, சாப்பாடும் உண்டு.

மனைவி பட்டு உடுத்திக்கொண்டாள்.

"எறும்பைக்கூட மிதிக்காத சாமிங்க இருக்கிற இடம். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான புழுவைக் கூட்டோட வேகவைக்கிறாங்க, தெரியுமில்ல?"

"நாமளா வேகவச்சோம்? நூலு பெங்களூருலேருந்து வருது. பாவமும் அங்கியே நின்னிருக்கும்."

மடத்து வாசலில் பார்த்தால், இவளைவிடப் பளபளப்பாக நாலைந்து அம்மாக்கள். எல்லாம் எங்கள் ஊர்த் தறிதான், பார்டரே சொல்லிற்று. அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை.

இருட்டினால் சோற்றில் பூச்சி விழுவது தெரியாது என்று சமணர்கள் பொழுது சாயுமுன் உண்டுவிடுவார்கள். நமக்கோ அது காபி நேரம். மண்ணுக்குள் விளையும் கிழங்கு வகை எதுவும் இலைக்கு வராது. பிடுங்கினால் செடியோடு மண்ணிலுள்ள உயிர்களும் போய்விடுமாம். ஆகவே வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு கிடையாது. சாம்பார் நன்றாகவே இருந்தது, நாக்குதான் யாரையோ தேடிக்கொண்டிருந்தது. ஒன்பது மணிக்கு வயிறும் சேர்ந்து தேடியது. பையில் முறுக்கு இருந்தது. அந்த அமைதியில் ஒரு முறுக்கைக் கடித்தால் மலையுச்சி வரை கேட்கும். அகிம்சை என்றால் என்னவென்று அன்றைக்கு என் வயிற்றுக்குத்தான் புரிந்திருக்க வேண்டும்.

காலையில் குந்தவை ஜினாலயம் பார்த்தோம். ராஜேந்திர சோழனின் அத்தை பெயரில் நிற்கும் கோயில். அடிவாரத்தில் அவனுடைய 13ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. கங்கை வரை அவன் வென்ற நாடுகளையெல்லாம் அடுக்கிவிட்டு, கடைசியில்தான் விஷயத்துக்கு வருகிறது: ஒரு வணிகரின் மனைவி சாமுண்டப்பை நந்தா விளக்குக்கு 20 காசு, திருவமுதுக்கு 10 காசு கொடுத்தாள். எங்கள் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகையும் இப்படித்தான். அமைச்சர், மாவட்டம், ஒன்றியம் எல்லாம் வந்து போனபிறகு மூலையில் மணமக்கள் பெயர்.

மேலே பாறையில் 16 அடிக்கு மேல் நெடிதாகத் தீர்த்தங்கரர் நேமிநாதர். ஊர்வழக்கில் சிகாமணிநாதர். கல்யாண ஊர்வலத்தில் வரும்போது, விருந்துக்கு அறுக்க அடைத்துவைத்த விலங்குகளின் கதறலைக் கேட்டு, அப்படியே திரும்பிப் போய்த் துறவு பூண்டவர் என்று கதையைச் சொன்னேன். மனைவி அண்ணாந்து பார்த்தபடி கேட்டாள்.

"பொண்ணு?"

"அவங்களும் துறவியாயிட்டாங்க."

"அப்போ முகூர்த்தப் பட்டு?"

"அது எதுலயும் எழுதலையே."

"ஜவுளிக்காரன் திருப்பி வாங்கியிருக்க மாட்டான்," என்றாள். "வேற கலர் வேணா மாத்தித் தந்திருப்பான்."