முன் அனுபவம்: இல்லை

என் மகள் பி.பி.ஏ. மூன்றாம் ஆண்டு. ஏதாவது ஒரு நிறுவனத்தில் பயிற்சிக்குப் போய், அறிக்கை எழுதி, அதில் கையெழுத்தும் வாங்கி வந்தால்தான் பட்டம் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். வகுப்பில் பாதிப் பேர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மனுப் போட்டார்கள். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து காஞ்சிபுரத்துப் பெற்றோர்களுக்கு அதுதான் ஈசானிய மூலை. பிள்ளையை அந்தப் பக்கம் அனுப்பினால் குடும்பம் விளங்கும் என்று நம்பிக்கை. என் மகளுக்கு அந்த யோகம் இல்லை. காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடை கிடைத்தது.

கல்லூரி கொடுத்த படிவத்தில் 'மனிதவள மேலாளர் கையொப்பம், நிறுவன முத்திரையுடன்' என்று ஒரு கட்டம் இருந்தது. கடையின் மனிதவளம் மொத்தமே முதலாளி, அவர் மச்சான், நான்கு சேல்ஸ்மேன், காபி வாங்கி வரும் ஒரு பெரியவர். இதில் மேலாளர் யார் என்று முதலாளி யோசித்துப் பார்த்தார். யாருக்கு எவ்வளவு முன்பணம், யார் வீட்டில் காதுகுத்து, யார் நேற்று லேட் என்பதெல்லாம் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அவருடைய அம்மாவுக்குத்தான் அத்துப்படி. அந்த அம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். முத்திரைக்கு எங்கே போவது? மேஜை இழுப்பறையில் கிடந்தது ஒரே ஒரு ரப்பர் ஸ்டாம்ப். அதையே குத்திக் கொடுத்துவிட்டார்கள். இப்போது கல்லூரிக் கோப்பில் என் மகளின் போட்டோவுக்குப் பக்கத்தில் நீல மையில், 'விற்ற சரக்கு திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று இருக்கிறது. துறைத்தலைவர் ஒன்றும் சொல்லவில்லையாம். பெண்ணைப் பெற்றவனுக்குத்தான் அந்த வாசகம் கொஞ்சம் உறுத்துகிறது.

கடையில் முதல் வேலை, மடிப்பது. ஆவணி முகூர்த்தத்துக்கு ஆந்திராவிலிருந்து ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். வெள்ளை விரிப்பில் புடவைகள் குவிந்தன. மயில்கழுத்து, அரக்கு, மாம்பழ மஞ்சள். "இதே கலர், இதே பார்டர்தாம்மா வேணும், ஆனா பார்டர் மட்டும் வேற மாதிரி" என்றார் மாப்பிள்ளையின் அத்தை. என் மகள் புத்தகத்தில் படித்த வாடிக்கையாளர் திருப்தி அன்று முழுக்க அவள் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூன்று டம்ளர் காபி குடித்துவிட்டு, "வரதராஜரைச் சேவிச்சிட்டு வர்றோம்" என்று எழுந்து போனது. திரும்பி வரவில்லை. மிச்சப் பொழுது முழுக்க மடிப்பு. ஜரிகை உள்பக்கம் போக வேண்டும், பழைய மடிப்பிலேயே மறுபடி மடித்தால் இழை விட்டுவிடும். இது எந்தப் பாடநூலிலும் இல்லை.

ஆனால் பையப் பையத் தொழிலும் பிடிபட்டது. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளிக்கம்பியைச் சுற்றித் தங்கமுலாம் பூசுவது. அதனால் கல்லா அம்மா காலையில் சாமி படத்துக்குப் பூ வைத்ததும் போனில் வெள்ளி விலை பார்க்கிறார். கோயில் வாசலிலிருந்து ஆளைக் கூட்டி வரும் ஆட்டோக்காரருக்கு ஒரு சதவீதம் ஒதுக்குகிறார். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது என்பதால் சரக்குக் கொள்முதலைப் பஞ்சாங்கம் பார்த்து முடிவு செய்கிறார். எம்.எஸ். ப்ளூ என்று இந்த ஊரில் நெய்த ஒரு நீலம், எம்.எஸ். சுப்புலட்சுமி மேடையில் கட்டிய காரணத்தால் இன்றைக்கும் அந்தப் பெயரிலேயே விலை போகிறது. விளம்பரச் செலவு பூஜ்யம்.

அறிக்கைக்கு நெசவாளர் கருத்தும் வேண்டுமாம். பிள்ளையார்பாளையத்தில் எனக்குத் தெரிந்த பெரியவர் வீட்டுக்கு அழைத்துப் போனேன். குழித்தறியில் காலை விட்டு மிதித்துக்கொண்டிருந்தார். இவள் கேள்வித்தாளை எடுத்து, "தாத்தா, இன்னும் அஞ்சு வருஷத்துல நீங்க எந்த இடத்துல இருப்பீங்க?" என்றாள். அவர் குனிந்து குழியைப் பார்த்தார். "இதுலதாம்மா. வேற எங்க போறது?" அடுத்த கேள்வி, வேலையில் அவருக்கு ஊக்கம் தருவது எது என்பது. "கூலி" என்றார். ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எவ்வளவு திருப்தி என்று கேட்டதற்கு, ஐந்து என்பது ரூபாயா, நூறா என்று அவர் விசாரித்ததோடு பேட்டி முடிந்தது.

இதற்கு நடுவே நேர்காணல் பயிற்சி வேறு. 2022இல் 'நான் முதல்வன்' திட்டம் வந்தபிறகு இந்தப் பேச்சு எல்லாக் கல்லூரியிலும் சகஜம். நல்ல விஷயம்தான், எங்கள் காலத்தில் இண்டர்வியூ என்றால் திருநீறு பூசிக்கொண்டு போவது மட்டும்தான் தயாரிப்பு. ஆனால் அவளுடைய சுயவிவரப் படிவத்தைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. 'முன் அனுபவம்' என்ற இடத்தில் 'இல்லை' என்று தட்டி வைத்திருந்தாள்.

நான் தறியில் உட்கார்ந்தவன். முதுகு சொன்னதைக் கேட்டு எழுந்து, இப்போது ஒரு கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். இவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து ராட்டையில் தார் சுற்றிய பெண். அவள் அம்மா, தீர்ந்துபோன பாவின் முனையோடு புதுப் பாவை இழை இழையாகப் புணைக்கும்போது, ஆயிரக்கணக்கான இழையில் ஒன்று மாறினாலும் பக்கத்திலிருந்து கண்டுபிடித்துச் சொல்வாள். விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடும்போது, ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். கம்பெனி பஸ் வருவதற்குள் பாவைச் சுருட்டியாக வேண்டும். எட்டு வீட்டுக்காரர்களும் ஒரு பஸ் டிரைவரும் சம்பந்தப்பட்ட விவகாரம், ஒரு இழை அறாமல் முடியும். சங்கத்தில் பட்டையும் ஜரிகையையும் எடை போட்டுக் கொடுப்போம், நெய்து வந்த புடவையை எடை போட்டு வாங்குவோம், குறைந்தால் கூலியில் பிடித்தம். இந்தக் கணக்கை என் பாஸ்புத்தகத்தைப் பார்த்தே அவள் கற்றுக்கொண்டாள். இதெல்லாம் 'இல்லை'யாம்.

சின்னப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல், புடவையின் உடலையும் பார்டரையும் இணைக்கும் கோர்வை இழுக்க உட்கார வைத்த காலம் எங்கள் ஊருக்கு உண்டு. அது ஒழிந்தது நல்லது. அதை அனுபவம் என்று பெருமை பேச வரவில்லை. ஆனால் 1961இலேயே அப்ரண்டிஸ் சட்டம் போட்ட நாடு இது. பெரிய கம்பெனிகளில் ஓராண்டு பழகுகிறவர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் என்று 2024இல் மத்திய அரசு திட்டம் கொண்டுவந்தது. 2005இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கொடுத்தார்கள். புடவைக்குச் சான்றிதழ் உண்டு. புடவை நெய்யும் வீட்டில் வளர்ந்ததற்கு மட்டும் சான்றிதழ் கிடையாது. கர்நாடகத்துப் பட்டு, சூரத்து ஜரிகை, காஞ்சிபுரத்து முதுகு என்று மூன்று சேர்ந்த சரக்கில், மூன்றாவதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

"அப்பா, இதையெல்லாம் எழுதினா சிரிப்பாங்கப்பா" என்றாள். அண்ணாவைக் காட்டினேன். நெசவாளர் குடும்பம், இதே ஊர். வீட்டுக் கஷ்டத்துக்காகப் படிப்பை நிறுத்திவிட்டு நகராட்சியில் எழுத்தர் வேலை பார்த்து, பிறகு பச்சையப்பன் கல்லூரிக்குப் போய்ப் பொருளாதாரம் படித்தவர். இன்றைய எச்.ஆர். முன்னால் போய் உட்கார்ந்திருந்தால், நடுவில் ஏன் படிப்பில் இடைவெளி என்று குடைந்திருப்பார்கள். 1953இல் கைத்தறித் துணி தேங்கிக் கிடந்தபோது அவரே தெருவில் இறங்கி விற்றார். அந்த மனிதர் முதலமைச்சர் ஆனார். "அவருக்கு கேம்பஸ் இண்டர்வியூ இல்லப்பா" என்றாள் மகள். பி.பி.ஏ. படிப்பு வீணாகவில்லை என்று அப்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

கடைசியில் 'இல்லை'யை அழித்துவிட்டு நான்கு வரி எழுதினாள். ஒரகடத்தில் ஒரு சரக்குப் போக்குவரத்து கம்பெனியில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். கேட்டவர் அந்த நான்கு வரியைத் தாண்டவே இல்லையாம். பாவு புணைப்பது எப்படி என்று விவரமாகக் கேட்டுவிட்டு, அடுத்த மாதம் தங்கை கல்யாணம், காஞ்சிபுரத்தில் ஏமாறாமல் புடவை எடுப்பது எப்படி என்று கேட்டாராம். முடிவு இன்னும் வரவில்லை. அதுவரை அவள் கடையில்தான் இருக்கிறாள்.

ஆகவே, முகூர்த்தப் புடவைக்கு காந்தி ரோட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். கோர்வைப் புடவையா என்ற சந்தேகத்தை ஆட்டோக்காரரிடம் கேட்காதீர்கள். விரிப்பில் எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணைக் கேளுங்கள். புடவையைத் திருப்பி, உடலும் பார்டரும் சேரும் இடத்தில் ரம்பப்பல் மாதிரி ஓடும் கோட்டைக் காட்டுவாள். வரதராஜரை முதலிலேயே சேவித்துவிட்டு வாருங்கள். வாங்குகிற உத்தேசம் இல்லையென்றால் பத்துப் புடவையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மடிப்பது அவள்தான்.