கொடுக்கு முளைத்த பிள்ளைப்பூச்சி: ஒரு முதல் விசாரணை

பிள்ளைப்பூச்சிக்குக் கொடுக்கு முளைத்தால் என்ன ஆகும்? முதலாளியிடம் கணக்குக் கேட்ட குமாஸ்தாவையும் வீட்டுக்காரரை எதிர்த்துப் பேசிய குடித்தனக்காரரையும் இந்தப் பழமொழி சொல்லி ஏசுவதோடு தமிழ்நாடு இந்தக் கேள்வியை முடித்துக்கொள்கிறது. பூச்சியை யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

களம், பழனிக்கு வடக்கே தாராபுரம் போகிற வழியில் உள்ள தொப்பம்பட்டி. தோட்டத்தில் தண்ணீர் பாய்ந்ததும் ஈரமண்ணைப் பிளந்துகொண்டு பிள்ளைப்பூச்சி வெளியே வரும். கைக்குள் பொத்தினால் மண்வெட்டி போன்ற முன்னங்கால்களால் விரலிடுக்கை நெம்பப் பார்க்குமே தவிர, சண்டைக்கு வராது. ஆனால் ஆண் பூச்சி வளையின் வாயைக் குழாய் ஒலிபெருக்கி போல அகட்டி, அதனுள் இருந்து கத்தும். திருவிழாவுக்குக் குழாய் கட்டுகிறவர்கள் இதற்கு உரிமைத்தொகை தரவேண்டும் என்பது இவ்வாய்வின் உபரிக் கண்டுபிடிப்பு.

கொடுக்கு முளைத்த பங்காளி வடக்கே இருக்கிறான். பீகாரின் ஆற்றுமணலில் அவனுக்குப் பேர்வா என்று பெயர். அறிவியல் பெயர் ஸ்கிசோடாக்டைலஸ் மான்ஸ்ட்ரோசஸ். முதற்பாதிக்குப் ‘பிளந்த விரல்’ என்று பொருள். ‘பூதாகாரம்’ என்னும் பிற்பாதியைச் சூட்டியவர் 18ஆம் நூற்றாண்டின் லண்டன் வெள்ளித் தட்டார் ட்ரூ ட்ரூரி. நகைக்கடைக்காரர் கண்ணுக்கே பூதமாகத் தெரிந்திருக்கிறது!

விரல் பிளந்தது வீணுக்கு அல்ல. பாதத்தின் இருபுறமும் தட்டையான மடல்கள் விரிந்து, உடல் எடையைப் பரப்பிக் கொடுப்பதால் உதிர்மணலிலும் கால் புதைவதில்லை. பகலெல்லாம் வளையில் கிடந்து, இரவில் வேட்டைக்குக் கிளம்பும். பசி முற்றினால் சொந்த இனத்தையும் விடாது. சிறகோ நுனியில் பாய்போலச் சுருண்டது, பறக்க உதவாது. துருக்கியின் கடற்கரை மணல்மேடுகளில் இதற்கு ஒரு தம்பி உண்டு. தென்னாப்பிரிக்கப் பக்கத்து மணலில் வாழும் கோமிக்கஸ் என்ற உறவினருக்குச் சிறகே கிடையாது.

சுவர்க்கோழிக்கு முன்னங்காலில் காது. பேர்வாவின் குடும்பத்துக்கு அந்தச் செவிப்பறை இல்லை. நிலத்தின் அதிர்வைக் காலால் உணரும். ஆகவே ஏச்சு எதுவும் உரியவரிடம் போய்ச் சேராது.

இன்னொரு திருத்தமும் உண்டு. பேர்வாவிடம் இருப்பது கொடுக்கு அல்ல, வலுவான தாடை. பழமொழியை மாற்றலாமா என்று தொப்பம்பட்டிப் பெரியவர் ஒருவரிடம் படத்தைக் காட்டிக் கேட்டபோது, அவர் வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“அதெல்லாம் இருக்கட்டுமுங்க. பறக்காததுக்கு ரெக்கையை எதுக்குங்க இப்படிச் சுருட்டி வெச்சிருக்குது?”

கேள்வி அடுத்த அத்தியாயத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டுள்ளது.