வீட்டில் விவாகரத்து, லாரியில் மறுமணம்

கேள்வி: மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று நான் பிரித்துக் கொடுக்கிறேன். கண்ணெதிரே ஒரே வண்டியில் கொட்டுகிறார்கள். எனக்கு எதற்கு இந்த வேலை?
(வாசகி, அம்பத்தூர்)

பதில்: திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி பிரிப்பது உங்கள் பொறுப்பு, பிரித்ததைப் பிரித்தபடியே கொண்டுபோவது உள்ளாட்சியின் பொறுப்பு. ஆனால் டன் கணக்கில் ஒப்பந்தக் கூலி கொடுத்துப் பழகிய ஊர்களில் எடைதான் ராஜா. ஈரக் குப்பை கனக்கும். கல்லும் மண்ணும் சேர்ந்தால் இன்னும் கனக்கும். பிரிப்பதற்கு யார் கூலி தருகிறார்கள்? நீங்கள் நிறுத்தாதீர்கள். காய்ந்த சரக்கைக் காயலான் கடையில் போடுங்கள். பேரீச்சம்பழம் தராவிட்டாலும் காசு தருவார்கள்.

கேள்வி: நீங்கள் பிரிக்கிறீர்களா?
(வாசகர், திருச்சி)

பதில்: நேற்று பார்சல் சாம்பார் கவரைக் கழுவி நீல வாளியில் போட்டேன். கழுவிய தண்ணீர், காசு கொடுத்து வாங்கிய லாரித் தண்ணீர்!

கேள்வி: பெருங்குடி குப்பை மலையை நிஜமாகவே கரைக்கிறார்களா?
(வாசகர், மடிப்பாக்கம்)

பதில்: கரைக்கிறார்கள். பயோமைனிங் என்பது பெயர், விஷயம் சல்லடைதான். தோண்டிச் சலித்தால் மண் ஒரு பக்கம், கல் ஒரு பக்கம், பிளாஸ்டிக் ஒரு பக்கம். பிளாஸ்டிக் சிமென்ட் ஆலை உலைக்குப் போகிறது. வாசலில் ஒரு நிமிடத்தில் பிரித்திருக்க வேண்டியதை இப்போது கோடிகளைக் கொட்டிப் பிரிக்கிறோம். சென்னையின் இன்னொரு குப்பை மலையான கொடுங்கையூரில் மட்டும் 66 லட்சம் டன். திட்டம் 640 கோடி ரூபாய். பெருங்குடியில் நாம் கொட்டியதோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். அதே பள்ளிக்கரணைக்கு 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதியும் வாங்கிவிட்டோம்! மலை பாட்டுக்குக் கிடக்கட்டும் என்று விடவும் முடியாது. கொழும்பு மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று குப்பை மலை சரிந்து வீடுகளைப் புதைத்தது. முப்பது பேருக்கு மேல் இறந்தார்கள்.

கேள்வி: மொத்தமாக எரித்து மின்சாரம் எடுத்தால்?
(வாசகர், வியாசர்பாடி)

பதில்: நம் குப்பையில் பாதிக்கு மேல் மிஞ்சின சோறும் காய்கறித் தோலும் இலையும்தான். ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்த பாட்டி யாராவது இருந்தால் கேளுங்கள். நன்றாக எரிய வேண்டுமானால் ஈரத்தைப் பிரிக்க வேண்டும். பிரித்துவிட்டால் ஈரம் உரமாகும், காய்ந்ததில் பெரும்பகுதி விலைபோகும். பிறகு உலைக்கு என்ன வேலை?

கேள்வி: குப்பைக்குக் கட்டணம் வசூலித்தால் என்ன?
(வாசகர், பெரம்பூர்)

பதில்: வசூலிப்பதாகத்தான் சொன்னார்கள். 2021 ஜனவரி முதல் வீட்டுக்கு 10 முதல் 100 ரூபாய் வரை என்று சென்னை மாநகராட்சி அறிவித்தது. ஜனவரி பிறக்கும் முன்பே நிறுத்திவைத்துவிட்டார்கள். ஏப்ரலில் சட்டமன்றத் தேர்தல் என்பதை நான் சொல்லவில்லை, காலண்டர் சொல்கிறது.